பொறியியலா, வரலாறா?

அன்புள்ள ஐயா,

தொடக்கக் கல்லூரி முடித்து இப்போது ராணுவத்தில் தேசிய சேவை செய்கிறேன். பொறியியல் படிக்க இடம் கிடைத்துவிட்டது. மனமோ வரலாற்றில் இருக்கிறது. "வரலாற்றை வேலைக்குப் போய்க்கொண்டே வாசிக்கலாமே" என்கிறார் அப்பா. என்ன செய்வது?

க., ஈசூன்

அன்புள்ள க.,

அப்பா சொல்வதில் பாதி சரி. நூல்களை வீட்டிலேயே வாசிக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒரே சம்பவத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்படும் ஆவணங்களைக் கையில் கொடுத்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று எழுதச் சொல்வார்கள். எழுதியதை வரிக்கு வரி கேள்வி கேட்பார்கள். ஓய்வு நேரத்தில் அந்தப் பயிற்சி கிடைக்காது. பொறியியல் ஆய்வுக்கூடமும் அப்படித்தான்.

ஆகவே, அன்றாடம் செய்யப்போகும் வேலையைச் செய்து பார்த்து முடிவெடுங்கள். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு நாளிதழ்கள் இருக்கின்றன. 1950களில் ஏதாவது ஒரு மாதத்தை எடுத்து, துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி வந்ததையெல்லாம் படியுங்கள். அதே நாட்களின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சு மங்கல், கண் வலிக்கும். அப்புறம் இரண்டு பக்கம் எழுதுங்கள். அடுத்த விடுப்பில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக வைத்திருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் முதலாண்டு இயக்கவியல் கணக்குகளைப் போடுங்கள். எதில் மாட்டிக்கொண்டு திணறிய பிறகும் மறுபடி உட்காரத் தோன்றுகிறது என்று கவனியுங்கள். நான் நம்பும் அளவுகோல் அது ஒன்றுதான்.

சம்பளத்தையும் பேசத்தான் வேண்டும். பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வின் முடிவுகளைக் கல்வி அமைச்சின் தளத்தில் அப்பாவோடு சேர்ந்து பாருங்கள். தொடக்கச் சம்பளம் பொறியியலில் பொதுவாகக் கூடுதல். ஆனால் இடைநிலைச் சம்பளத்தோடு (பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் கீழும் வாங்கும் தொகை) நின்றுவிடாமல், ஒவ்வொரு படிப்பிலும் கீழ்க் கால்பங்கினர், மேல் கால்பங்கினர் வாங்குவதையும் பாருங்கள். இறுதித் தேர்வு முடிந்து ஆறு மாத வாக்கில் எடுக்கும் கணக்கு அது; நாற்பது வயதில் என்ன வாங்குவீர்கள் என்று அதில் இருக்காது. உங்கள் சம்பளத்தை நம்பித்தான் குடும்பம் இருக்கிறது என்றால் பொறியியலுக்கே போங்கள். அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமே இல்லை.

இரண்டு சோதனையும் பிடித்துப்போனால், நடுவழி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2021இல் கலைத்துறையையும் அறிவியலையும் ஒரே கல்லூரியின்கீழ் கொண்டுவந்தது. வரலாற்றோடு புள்ளியியல் மாதிரி ஒன்றைச் சேர்த்துப் படிக்க அங்கே வழியுண்டு.

படிப்பை மாற்றுவதென்றால் அடுத்த விண்ணப்பக் காலம் எப்போது என்று இந்த வாரமே பார்த்து வையுங்கள். முகாமில் இருக்கும்போது தேதி தவறிவிடும்.