கோயில் வாசலில் சுவர்

அன்புள்ள சார்,

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். பிரிந்துகிடந்த பெர்லினை வைத்து, பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதுகிறேன். அண்ணன் மேற்கில், தங்கை கிழக்கில். அவள் இரவெல்லாம் ஜெபிக்கிறாள், காவலர்கள் தூங்கிப்போகிறார்கள், அவள் சுவரைத் தாண்டிவிடுகிறாள். விசுவாசம் இருக்கிறது, கதை இல்லை என்கிறார் என் கணவர். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு பெர்லின் ஒட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

காவலர்கள் தூங்கும் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து கூட்டிவந்த கதை உங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதற்குச் சீருடை மாட்டிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம், தாண்டப்போய்ச் சுடப்பட்டவர்கள் ஜெபிக்கவில்லையா என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்பாள். என்ன சொல்வீர்கள்?

பெர்னவர் தெருவுக்குப் போங்கள். ஒரு வரிசை வீடுகள் கிழக்கில், அவற்றின் வாசலை ஒட்டிய நடைபாதை மேற்கில். கிழக்கு ஜெர்மனி எல்லையை மூடிய 1961 ஆகஸ்ட் 13-க்குப் பிறகு முதலில் கதவுகளை அடைத்தார்கள், பிறகு ஜன்னல்களைச் செங்கல் வைத்துக் கட்டினார்கள். இடைப்பட்ட நாட்களில் சனங்கள் மாடியிலிருந்து குதித்தார்கள்; கீழே மேற்கு பெர்லின் தீயணைப்பு வீரர்கள் வலை விரித்து நின்றார்கள். அதே தெருவில் 1894-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஒப்புரவு ஆலயம். கட்டடம் கிழக்கில், சபையாரில் பெரும்பாலோர் மேற்கில், சுவர் கோயில் வாசலுக்கு நேர் முன்னால். 1961 அக்டோபரிலேயே பூட்டிவிட்டார்கள். கோபுரத்தில் எல்லைக் காவலர்கள் ஏறி நின்று கண்காணித்தார்கள். 1985 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுகிற நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். (மயிலாடிக்கு 1806-இல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயே, பெர்லினைத் தலைநகராகக் கொண்டிருந்த பிரஷ்யா நாட்டுக்காரர்தானே. ஒட்டும்.)

ஜெபத்தைச் சுவரிடமிருந்து பள்ளிக்கூடத்துக்கு மாற்றுங்கள். தங்கைக்குப் பதினாலு வயது ஆகட்டும். கோயிலில் திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டுச் சபையில் சேரும் சடங்கு) எடுக்கிற அதே வயதுக்கு, 1950-களின் நடுவில் கிழக்கு ஜெர்மனி அரசு போட்டியாக ஒரு விழாவைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் சோஷலிச நாட்டுக்கு உறுதிமொழி எடுக்க வேண்டும். மறுத்தால் மேல்படிப்பு கிடைக்காமல் போகலாம். வகுப்பில் எல்லாரும் பெயர் கொடுத்தாயிற்று. “நீயும் சொல்லிட்டு வா மோளே, கர்த்தருக்கு உன் மனசு தெரியும்” என்கிறாள் அம்மா. இங்கே ஜெபிக்கட்டும் அவள். பதில் உடனே வர வேண்டாம். இரண்டு விழாவுக்கும் போகிற பையன் ஒருவனும் இருக்கட்டும், ஆனால் அவனைக் கோழையாக்காதீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் சமாளித்தார்கள்.

அண்ணனுக்கும் வழி இருக்கிறது. 1963 கிறிஸ்துமஸுக்கு, சுவர் எழும்பிய பிறகு முதல்முறையாக, மேற்கு பெர்லின்காரர்களை அனுமதிச்சீட்டோடு கிழக்கில் உறவினரைப் பார்க்க விட்டார்கள். தங்கையைத் தப்பவைப்பதற்குப் பதில் அண்ணனை உள்ளே கூட்டிவாருங்கள். அடுத்த வசந்தத்தில் உறுதிமொழி விழா. சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு வந்தால், மேற்கில் சௌகரியமாக இருக்கிற அவன் “மறுத்துவிடு” என்று சுலபமாகச் சொல்லிவிடுவான். அவள் என்ன திருப்பிச் சொல்கிறாள் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள்.