ஏறுவது இருக்கட்டும், இறங்கத் தெரியுமா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வங்கி வேலை, வயது 39. அண்ணா ஸ்டேடியமும் நாலுவழிச் சாலையோரமும்தான் நான் ஓடுகிற இடங்கள். சமதளத்தில் முழு மாரத்தான் முடித்திருக்கிறேன். இப்போது ஊட்டிப் பக்கம் 50 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டேன். நான்கு மாதம் இருக்கிறது. ஞாயிறுதோறும் மாஞ்சோலை போய் ஓடலாமா? மலைக்காற்றில் ஓடினால் நுரையீரல் பலப்படும் என்கிறார்களே, உண்மையா? போன வாரம் பண்பொழி திருமலைக்கோயில் ரோட்டில் ஏறிப் பார்த்தேன். பாதியிலேயே மூச்சு முட்டி நடந்துவிட்டேன். கூட வந்தவர், "நடக்கதுக்கா வே துட்டு கட்டினீரு?" என்று கேட்டுவிட்டார். நடப்பது தப்பா?

— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

மாஞ்சோலை ஆசையை விட்டுவிடுங்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்ட வனத்துறை அனுமதி வேண்டும். இருட்டோடு ஒற்றை ஆள் ஓடிப்போக விடமாட்டார்கள், விடவும் கூடாது. காட்டுக்குள் மட்டுமல்ல, கடையம், அம்பாசமுத்திரம் பக்கத்து அடிவார ஊர்களிலேயே கரடி நடமாட்டம் உண்டு. திடீரென்று எதிரில் ஆளைப் பார்த்தால் கரடி ஒதுங்கிப் போகாமல் மேலே பாய்ந்துவிடும். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு விடியுமுன்னே அடிவாரத்தில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மலைக்காற்று விஷயம் வேறு. ஆக்சிஜன் குறைவான இடத்தில் உடம்பு ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும் என்பது நிஜம்தான். ஆனால் அதற்குச் சுமார் 2000 மீட்டருக்கு மேலே வாரக்கணக்கில் தங்க வேண்டும். கென்யாவின் இட்டென் ஊர் ஏறத்தாழ 2400 மீட்டரில் இருக்கிறது. ஓட்டக்காரர்கள் அங்கே குடியிருந்து பழகுகிறார்கள். நம் பக்கத்து மலையில் ஞாயிற்றுக்கிழமை ஏறி மத்தியானம் இறங்கிவிட்டால் அதெல்லாம் நடக்காது. ஊட்டி 2240 மீட்டர். அங்கே முதல் சில கிலோமீட்டரில் மூச்சு வாங்கத்தான் செய்யும். வழக்கத்தைவிட மெதுவாகத் தொடங்குங்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் ஏற்றம் இருக்கிறது, மூச்சு இருக்கிறது. இறக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மலை ஓட்டத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அதுதான்.

ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், வேகம் தானாகக் குறையும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது மூச்சு சுகமாக இருக்கும், கடிகாரம் நல்ல வேகம் காட்டும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை உடம்பின் கனத்தைப் பிடித்து நிறுத்தியபடியே நீளவும் வேண்டியிருக்கிறது. நெல்மூட்டையைத் தோளிலிருந்து பொத்தென்று போடாமல் மெல்லத் தரையில் இறக்கி வைக்கிற மாதிரியான வேலை, ஆயிரக்கணக்கான தடவை. தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. மறுநாளைவிட அதற்கடுத்த நாள் வலி கூடுவதும், படியிறங்கக் கைப்பிடியைத் தேடுவதும் இதனால்தான். ஐம்பது கிலோமீட்டரில் இது இருபத்தைந்திலேயே ஆரம்பித்தால் மிச்சத்தை என்ன செய்வீர்கள்?

பாஸ்டன் மாரத்தானில் ஹார்ட்பிரேக் ஹில் என்று ஒரு மேடு உண்டு. 1936-இல் ஜானி கெல்லி அங்கே எல்லிசன் பிரவுனை எட்டிப்பிடித்து, தோளில் தட்டிவிட்டு முந்தப் பார்த்தார். தட்டு வாங்கிய பிரவுன் சீறிக் கிளம்பிப் பந்தயத்தையே ஜெயித்துவிட்டார். கெல்லியின் மனம் உடைந்த மேடு என்று அந்தப் பெயர் அப்படி வந்தது. மேட்டின் உயரம் முப்பது மீட்டர்கூட இல்லை. பிறகு ஏன் அத்தனை பேர் அங்கே கால் ஓய்ந்து நிற்கிறார்கள்? கிட்டத்தட்ட 33-வது கிலோமீட்டரில் வருகிறது என்பது ஒரு காரணம். தொடக்கத்திலிருந்தே பாதை சரிந்து சரிந்து வந்து தொடையைத் தின்றுவிடுகிறது என்பது இன்னொன்று. மேடு பழியைச் சுமக்கிறது, வேலையைச் செய்தது பள்ளம்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த வலிக்கு உடம்பு சீக்கிரம் பழகும். ஒரு தடவை நன்றாக இறங்கி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு சேதப்படாது. அதனால் ஞாயிறுதோறும் மலை தேவையில்லை. மாதம் இரண்டு முறை பண்பொழி போங்கள். தனியாக வேண்டாம், நன்றாக வெளிச்சம் வந்தபிறகு போங்கள், வளைவுகளில் வண்டி வரும். ஏற்றத்தில் பேசிக்கொண்டே போகிற வேகம் போதும், கவனம் முழுக்க இறக்கத்தில் இருக்கட்டும். எட்டி வைக்காதீர்கள். பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றி பிரேக் போடாதீர்கள். அடி சிறியதாக, வேகமாக, முழங்கால் சற்று மடங்கியபடி விழ வேண்டும். கண் காலடியில் இல்லாமல் நாலைந்து அடி தள்ளி இருக்கட்டும். கை இரண்டும் கோணலாக விரிந்து ஆடினால் ஆடட்டும், யாரும் போட்டோ எடுக்கப்போவதில்லை.

மற்ற நாட்களுக்கு ஊரிலேயே வழி இருக்கிறது. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் பஸ் நெரிசல் தொடங்குமுன் ஏறி இறங்கலாம். சரிவு மென்மையானதுதான், ஆனாலும் பத்துத் தடவை போனால் கால் சொல்லும். வீட்டு வாசற்படியில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும் வரை நாலு எண்ணி மெல்ல இறங்குங்கள். காலுக்குப் பன்னிரண்டு, மூன்று சுற்று. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், இரண்டு நாள் கழித்துத் தெரியும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றை எதிர்த்துத் தென்காசி ரோட்டில் ஓடினால் ஏற்றத்தின் உழைப்பு ஓரளவாவது கிடைத்துவிடும்.

சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டைப் பலர் சொல்வார்கள். செம்மணல் மேடுகளில் ஓடுவது நுரையீரலுக்கும் கெண்டைக்காலுக்கும் நல்ல வேலைதான். ஆனால் மணல் அடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதால் இறக்கத்துக்கு அது பயிற்சி ஆகாது. ஆசைக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

நடப்பது தப்பா என்று கேட்டீர்கள். செங்குத்தான ஏற்றத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் ஓடுவதைவிட விரைந்து நடப்பதற்குத்தான் சக்தி குறைவாகச் செலவாகிறது. மலைப் பந்தயங்களில் முன்னணியில் போகிறவர்களே முழங்காலில் கையை ஊன்றி நடந்து ஏறுகிறார்கள். அதையும் பழகித்தான் வைத்துக்கொள்ள வேண்டும், ஸ்டேடியத்தில் ஓடியே பழகிய காலுக்கு வேகநடை வராது. உங்கள் நண்பரை ஒருநாள் அந்த ரோட்டில் மேலிருந்து கீழே ஓடவிட்டு, மூன்றாம் நாள் போன் பண்ணி விசாரியுங்கள்.

ஷூ அரை அளவு கூட இருக்கட்டும். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு கடைசி நீண்ட இறக்கத்தை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு மேம்பாலம்கூட வேண்டாம்.