மூன்று தவணையில் ஒரு கதை

அன்புள்ள அண்ணனுக்கு,

பழைய வீடியோ கேம்களைப் புதிதாகச் செய்து விற்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஃபைனல் ஃபேன்டஸி 7 என்ற பழைய கேமை மூன்று பாகமாகப் பிரித்து மறுபடி செய்வது பற்றி இரண்டு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அதில்தான் ஆத்திரமே.

2020 ஏப்ரலில் முதல் பாகம் வந்தபோது ஊரடங்கு. மச்சான் துபாயில் டிஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டு, ஃப்ளைட் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஒருவழியாக அவர் கொண்டுவந்து, நான் ஆடி முடித்தால், மிட்கார் என்ற ஒரே ஊரைத் தாண்டியதும் கதை நின்றுவிட்டது. இரண்டாம் பாகம் 2024 பிப்ரவரியில் வந்தது. வந்தபோது அதை ஆட சோனியின் பிஎஸ்5 கேம் பெட்டி வேண்டியிருந்தது. மச்சான் புண்ணியத்தில் இப்போது அதுவும் வந்துவிட்டது. மூன்றாவது இன்னும் வரவில்லை. 1997இல் மூன்று சிடியாக, ஒரே பெட்டியில், ஒரே விலைக்குக் கொடுத்த கதை இது. இப்போது சிடிக்கு ஒரு கேம் என்று மூன்று தடவை முழு விலை வாங்குகிறார்கள். வெளிவந்தபோது அமெரிக்க விலையில் முதலாவது 60 டாலர், இரண்டாவது 70. “ஒரு கதைக்கு எத்தனை தடவைடா காசு கொடுப்பே?” என்று வாப்பா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இது வியாபாரம் இல்லாமல் வேறென்ன? மூன்றாவது வரும்வரை பொறுக்கவா, இரண்டாவதை இப்போதே வாங்கவா?

ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்),
கீழக்கரை

அன்புள்ள தம்பி,

வியாபாரம்தான். அதில் என்ன சந்தேகம்? ஆனால் அந்த ஒரு சொல்லோடு பேச்சை முடித்துக்கொண்டால், இதில் உண்மையில் கெட்டுப்போனது எது என்று பார்க்காமலே போய்விடுவோம்.

முதலில் உங்கள் கணக்கில் ஒரு திருத்தம். சிடிக்கு ஒரு கேம் இல்லை. பழைய கேமின் முதல் சிடி முடிகிற இடத்தில்தான் புதியதன் இரண்டாம் பாகமே முடிகிறது. (அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் தயவுசெய்து தேடிப் பார்க்காதீர்கள்.) ஆக, ஒரு சிடிக்கு இரண்டு கேம் ஆகிவிட்டது. மிச்சமிருக்கிற இரண்டு சிடி கதையும் மூன்றாவதன் தலையில் விழப்போகிறது. விலையைவிட எனக்குக் கவலை அதுதான்.

ஏன் இப்படி ஊதியது? பழைய மிட்காரின் தெருக்கள் முன்கூட்டியே தயாரித்துவைத்த அசையாப் படங்கள். அதன்மேல் குட்டி பொம்மை உருவங்கள் ஓடும். வசனம் எழுத்தில் வரும், குரல் கிடையாது. இன்றைக்கு அதே தெருவில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் சுவர் இருக்க வேண்டும், சுவரில் துரு இருக்க வேண்டும், ஆள் வாயைத் திறந்தால் பேச்சு வர வேண்டும். ஒரே வெளியீடாகச் செய்தால் கதையைச் சுருக்கி, சிலதை வெட்ட வேண்டிவரும் என்று, பழைய கேமை இயக்கி இதைத் தயாரித்த யோஷினோரி கிடாசே 2015இலேயே சொன்னார்.

சாக்குச் சொல்கிறார் என்று தோன்றும். ஆனால் நீங்கள் சொல்லும் அதே 2020 ஏப்ரலைப் பாருங்கள். 10ஆம் தேதி உங்கள் முதல் பாகம் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால், 3ஆம் தேதி, காப்காம் நிறுவனம் இன்னொரு பழைய கேமான ரெசிடென்ட் ஈவில் 3இன் புதுப்பதிப்பை ஒரே வெளியீடாகக் கொடுத்தது. பழையதில் சுற்றித்திரிந்த மணிக்கூண்டுக்குள் இதில் போகவே முடியாது. பூங்காவும் இல்லை. ஒரு ராத்திரி உட்கார்ந்தால் முடிந்துவிடும். அதற்கும் அப்போது அதே 60 டாலர்தான். வாப்பாவிடம் இதையும் சொல்லிப் பாருங்கள். முந்தைய வருடம் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 ஒரே கேமாக வந்தும் நன்றாக நின்றது என்பது வேறு. அதன் கதை பெரும்பாதி ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள் அடங்கிவிடும். உலகம் சுற்றுகிற கதைக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே பிரித்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். பிரித்ததால் லாபமும் உண்டு. பழைய ஃபைனல் ஃபேன்டஸியில் ஜெஸ்ஸி என்ற துணைப் பாத்திரத்துக்கு நாலு வசனம்தான். இதில் அவள் வீட்டுக்கே போகிறோம், படுக்கையில் கிடக்கும் அவள் அப்பாவைப் பார்க்கிறோம். அப்புறம் அவளுக்கு ஒன்று என்றால் நமக்கு வலிக்கிறது. ஆனால் ஊரின் மேல்தளத்துக்கு ஏறும் வழியில் சூரிய விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போனது, சேரியில் தொலைந்த பூனைகளைத் தேடியது, இதெல்லாம் நேரத்தை நிரப்ப வைத்ததுதான். அது உங்களுக்கே தெரியும்.

என் மனத்தாங்கல் கதையின் வில்லன் செஃபிரோத் விஷயத்தில்தான். பழைய கேமில் மிட்கார் முடியும்வரை அவன் நேரில் வரவே மாட்டான். மிட்காரை ஆளும் ஷின்ரா கம்பெனியின் கட்டடத்தில் 67ஆம் மாடியில் உங்களை அடைத்துவைத்திருப்பார்கள். கண்விழித்தால் கதவு திறந்து கிடக்கும். வெளியே காவலாளி செத்துக்கிடப்பான். தரையில் ரத்தக்கறை இழுபட்டுப் போயிருக்கும். அந்தக் கறையைப் பிடித்துக்கொண்டு 70ஆம் மாடிக்கு ஏறினால், கம்பெனித் தலைவர் மேசைமேல் கவிழ்ந்து கிடப்பார், முதுகில் நீண்ட வாள். யார் செய்தது என்று அந்த வாள்தான் சொல்லும். அவ்வளவுதான், ஆளைக் காணோம். புதியதில் அவன் இரண்டாவது அத்தியாயத்திலேயே எரிகிற தெருவில் வந்து நிற்கிறான். தலைவரை நம் கண்முன்னாலேயே குத்துகிறான். கடைசிச் சண்டையும் அவனோடுதான்.

ஏன்? முழு விலை கொடுத்து வாங்கிய கேம் ரத்தக்கறையோடு முடிய முடியாது. அதற்கென்று ஒரு உச்சம் வேண்டும். நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும். தர்க்கம் முடிந்து கல்யாணம் ஆகும்போது கிழக்கு வெளுத்திருக்கும். அதை இரண்டு ராத்திரியாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட் போட்டால், முதல் ராத்திரியே யாருக்காவது தாலி கட்டியாக வேண்டும். செஃபிரோத்துக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்று மிட்காரை விட்டு வெளியேறுவது. பழையதில் ஓர் ஐந்தாறு மணி நேரத்தில் அது வந்துவிடும். இரும்பும் புகையுமாக இருந்த ஊர்தான் மொத்த உலகமும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். வெளியே வந்தால் வெட்டவெளி, வரைபடத்தில் அந்த ஊர் சின்னதாக ஒரு மூலையில் கிடக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே நடக்கலாம். புதியதில் அந்த வாசலில் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. அதற்கு அப்பால் கால்வைக்க நாலு வருடம். அப்படிக் கால்வைக்கும்போது நாயகன் க்ளவுடின் பழைய லெவல் அவனோடு வராது, மறுபடி கீழேயிருந்து ஏற வேண்டும்.

இரண்டாவதை இப்போதே வாங்குங்கள், பொறுக்க வேண்டாம். ஆனால் டிஸ்க்காக வாங்குங்கள். டவுன்லோட் என்றால் 150 ஜிபி பக்கம் வரும், தினம் 2 ஜிபி தருகிற சிம்மை நம்பி இறங்க முடியாது. ஆடி முடித்ததும் டிஸ்க்கை விற்றுக்கொள்ளலாம், வாப்பா முகமும் கொஞ்சம் தெளியும். அதற்கு முன்னால் பழையதை ஒரு தடவை ஆடிப் பாருங்கள், ஃபோனிலேயே கிடைக்கிறது.

பிஎஸ்5ஐ கடல் பக்கத்து ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். மண்டபத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவனின் பெட்டியில் உப்புக்காற்று டிவி வயர் செருகும் எச்டிஎம்ஐ துளையை அரித்துவிட்டது. ராமநாதபுரத்தில் அதைச் சரிசெய்ய ஆள் கிடைக்காமல் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.