பிரசங்கக் குறிப்பும் தாழ்மையும்

கேள்வி: ஐயா, பட்டர்வொர்த்தில் எங்கள் தமிழ்ச் சபையில் மாதம் ஒருமுறை பிரசங்கிக்கிறேன். குறிப்பு எழுதிக்கொண்டு போனால், "ஆவியானவரை நம்பலையா பிரதர்?" என்கிறார் மூப்பர் ஒருவர். ஆராதனை முடிந்து யாராவது பாராட்டினால், உள்ளுக்குள் பெருமை தலைதூக்குகிறது. தேவனைச் சார்ந்து பிரசங்கிப்பது எப்படி?
- வாசகர், பினாங்கு

பதில்: தம்பி, குறிப்பைக் கிழித்துப் போடாதீர்கள். மூப்பர் நினைப்பது மத்தேயு 10:19 ஆக இருக்கும். என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள் என்று ஆண்டவர் சொன்னது, பிடிபட்டு அதிபதிகள் முன் நிறுத்தப்படும் சீஷர்களுக்கு. ஞாயிறு பிரசங்கம் தனக்கு என்று ஒரு மாதம் முன்பே தெரிந்தும் சனிக்கிழமை இரவு பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அல்ல. சிறையிலிருந்த அப்போஸ்தலர் பவுலே மேலங்கியோடு புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்லித் தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

அதே பவுல் கொரிந்தியரிடம், "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்" என்கிறார். அவருக்கு ஆயத்தமும் இருந்தது, நடுக்கமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

தாழ்மைக்கு நான் காட்டுவது அப்பொல்லோவை. அப்போஸ்தலர் 18-ஐத் திறந்து பாருங்கள். அலெக்சந்திரியாக்காரர், சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவர். அவர் எபேசுவில் பேசியதைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் சபை நடுவில் எழுந்து மடக்கவில்லை. தனியே அழைத்து, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளக்கினார்கள். அவர்கள் கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள். அந்தப் பெரிய பேச்சாளர் உட்கார்ந்து கேட்டார். "அடியேன் தூசி, ஒன்றுமில்லாதவன்" என்று மேடையில் பத்து நிமிடம் முன்னுரை பாடுகிறவர்களை கோலாலம்பூரில் நிறையப் பார்க்கிறேன். அந்தப் பத்து நிமிடமும் பேச்சு அவர்களைப் பற்றித்தானே!

செந்தூலில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூட நோட்டில் மை பேனாவால் பிரசங்கம் எழுதுவார். சனிக்கிழமை மாலை அதைத் தன் மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். அந்த அம்மா "இது புரியலீங்க" என்றால், அந்தப் பத்தியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவார். ஞாயிறு காலை மேடைக்குப் போகுமுன், முன்வரிசைப் பாட்டிகளிடம் தனக்காக ஜெபிக்கச் சொல்வார். முடிந்ததும் யாராவது பாராட்டினால், "எந்த வசனம் உங்களைத் தொட்டுச்சு?" என்பார். பாராட்ட வந்தவர் பைபிளைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார். பேச்சு அவரை விட்டு வசனத்துக்குப் போய்விடும்.

பெருமை எட்டிப் பார்ப்பதை நினைத்து ரொம்ப மருகாதீர்கள். பாராட்டினால் நன்றி சொல்லுங்கள், அந்தப் பெரியவர் கேட்டதையே கேளுங்கள். அடுத்த பிரசங்கத்தை முந்தின நாளே மூப்பரிடம் வாசித்துக் காட்டித் திருத்தம் கேளுங்கள். அவர் பென்சிலை எடுத்தார் என்றால், குறிப்பைப் பற்றிய கேள்வி தானாக நின்றுபோகும்.

கேள்வி: கைப்பேசியைப் பார்த்துப் பிரசங்கிக்கலாமா?
- வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: தாராளமாக. வாட்ஸ்அப்பை மட்டும் அடைத்து வையுங்கள்.