ஏசிஎல் அறுவைக்குப் பிறகு கபடி: பொங்கல் போட்டிக்கு இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 23. ஊர் கபடி அணியில் ரைடர். பிப்ரவரியில் ஒரு போட்டியில் எதிரணிக்காரர் கணுக்காலைப் பிடித்துவிட, நடுக்கோட்டை நோக்கித் திரும்பினேன். இடது மூட்டில் ‘டொக்’கென்று சத்தம் கேட்டது. இரவுக்குள் மூட்டு வீங்கிவிட்டது. ஸ்கேனில் ஏசிஎல் (முழங்கால் மூட்டுக்குள் எலும்புகளை இணைக்கும் நார்) முழுதாகக் கிழிந்திருப்பது தெரிந்தது. ஜூன் கடைசியில் அறுவை சிகிச்சை நடந்தது. பின்தொடையிலிருந்து நாண் எடுத்து வைத்ததாகவும், மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வில் தையல் போட்டதாகவும் சொன்னார்கள். மூன்று மாதம் பிசியோதெரபிக்குப் போனேன், பிறகு நிறுத்திவிட்டேன். இப்போது வலி இல்லை, நன்றாக ஓடுகிறேன். பொங்கலுக்கு ஊரில் போட்டி. நீ கேப் (மூட்டில் மாட்டும் உறை) போட்டுக்கொண்டு இறங்கலாமா? வலித்தால் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பொங்கல் போட்டிக்கு இறங்காதீர்கள் தம்பி. அன்றைக்கு அறுவை முடிந்து ஆறரை மாதம்தான் ஆகியிருக்கும். நீ கேப் போட்டாலும் ஊசி போட்டாலும் என் பதில் இதுதான். அதற்காகக் கபடியை விட்டுவிட வேண்டியதில்லை. இன்றிலிருந்து முறையாக உழைத்தால் சித்திரைத் திருவிழாப் போட்டிகளுக்குக் குறி வைக்கலாம். அப்போது பத்து மாதம் நிறைந்திருக்கும். ஆனால் மாதக் கணக்கு மட்டும் போதாது, கீழே சொல்லும் சோதனைகளிலும் மூட்டு தேற வேண்டும்.

வலி இல்லாததை வைத்து மூட்டு தயார் என்று முடிவு கட்டுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பின்தொடையிலிருந்து எடுத்த நாணை, எலும்பில் துளையிட்டு உங்கள் மூட்டுக்குள் பொருத்தியிருக்கிறார்கள். எடுத்த அன்றே அதன் ரத்த ஓட்டம் அறுந்துபோகிறது. பிறகு புது ரத்தக் குழாய்கள் வளர்ந்து, பழைய செல்கள் போய்ப் புதியவை குடியேறி, நார்கள் இழுவைக்கு ஏற்றபடி அடுக்கிக்கொள்ள வேண்டும். பறித்து நட்ட நாற்று முதலில் பழுத்து, பிறகே பச்சை பிடிப்பதுபோல, இந்த நாணும் முதல் சில மாதங்களில் வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். அது முதிர்வதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். முதிராத நாண் வலிக்காது என்பதால் உங்களுக்கு எதுவும் தெரியாது.

நேராக ஓட முடிகிறது என்பதும் சான்றாகாது. கீழ்க்கால் எலும்பு முன்னால் சறுக்காமலும் உள்பக்கம் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது ஏசிஎல்லின் வேலை. நேர் ஓட்டத்தில் முறுக்கல் குறைவு. ரைடில் கதை வேறு. பாதம் தரையில் ஊன்றி நிற்கிறது, கார்னரில் இருப்பவர் கணுக்காலைப் பூட்டிவிடுகிறார், நீங்கள் இடுப்பையும் தோளையும் திருப்பிக் கோட்டுக்குப் பாய்கிறீர்கள். கீழே பாதம் அசையவில்லை, மேலே உடல் திரும்பிவிட்டது. இடையில் லேசாக மடிந்த மூட்டு உள்பக்கம் சரிகிறது. ஏசிஎல் அறுவதற்கு இதுவே போதும். பிப்ரவரியில் உங்களுக்கு நடந்ததும் இதுதான்.

ஏசிஎல் அறுவை செய்துகொண்ட விளையாட்டுக்காரர்களைப் பற்றி 2016-ல் நார்வேயிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒன்பதாம் மாதம் வரை, களம் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்கிறது அது. 25 வயதுக்குள் இருப்பவர்கள் இதுபோன்ற ஆட்டங்களுக்குத் திரும்பும்போது, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மறுபடி ஏசிஎல் கிழிகிறது, சிலருக்கு நல்ல காலிலேயே. இரண்டாம் முறை அறுவையின் பலன் முதல் முறை அளவுக்கு இருப்பதில்லை. அதோடு மெனிஸ்கஸும் போனால் நாற்பது வயதுக்குள்ளேயே மூட்டுத் தேய்மானம் வரக்கூடும்.

இன்று வீட்டிலேயே நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலில், கட்டிலில் குப்புறப் படுத்து, தொடை வரை கட்டிலில் வைத்து, முட்டிக்குக் கீழே வெளியே நீட்டுங்கள். இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். இடது குதிகால் மேலே நின்றால் மூட்டு முழுதாக நீளவில்லை. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு டிகிரிக்குச் சமம். மூன்று நான்கு சென்டிமீட்டர் இருந்தால் மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள். மூட்டுக்குள் நாணின் முன்னால் தழும்புக் கட்டி வளர்ந்து தடுக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, வீக்கம். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிச்சில்லின் உள்பக்கப் பள்ளத்தைக் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை உள்ளங்கையால் தள்ளிவிடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு முறை தடவுங்கள். உள்பக்கப் பள்ளத்தில் அலைபோல நீர் புடைத்து வந்தால் மூட்டுக்குள் இன்னும் நீர் இருக்கிறது. மூட்டில் நீர் இருக்கும்வரை முன்தொடைத் தசை முழு வேகத்தில் இயங்காது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் அது தேறாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தச் சோதனையைப் பழகிக்கொள்ளுங்கள், அடுத்த சில மாதங்களுக்கு இதுதான் உங்கள் அளவுகோல்.

மூன்றாவது, முட்டிச்சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே இரண்டு தொடையையும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். நான்காவது, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஒரே காலால் எழுந்து உட்காருங்கள். ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது இருபது முறை வர வேண்டும். மூன்று மாதத்தில் பிசியோதெரபியை நிறுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் பத்துக்குள்ளேயே மூட்டு உள்ளே சாய ஆரம்பித்துவிடும்.

இப்போது உங்களுக்கு வேண்டியது கனமான பயிற்சி. தொடை மெலிந்துபோன மூட்டுக்கு எண்ணெய் நீவலும் மின் ஒத்தடமும் பலம் சேர்க்காது. ஜிம்மில் வாரம் மூன்று நாள் போதும், இடையில் ஒரு நாள் ஓய்வு. லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன், ஒற்றைக்கால் ஸ்குவாட், கம்பி பிடித்து இடுப்பை மடக்கும் டெட்லிஃப்ட், குதிகால் தூக்கல். கால் பயிற்சிகளைத் தனித்தனிக் காலால் செய்யுங்கள். இரண்டு காலாலும் சேர்த்துத் தள்ளினால் வலது கால் திருட்டுத்தனமாக வேலையை எடுத்துக்கொள்ளும். 6 முதல் 8 முறை தூக்கிய பிறகு இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்கிற எடை வேண்டும். அப்படி மூன்று நான்கு சுற்று. பின்தொடையிலிருந்து நாண் எடுத்திருப்பதால் அதற்குத் தனிக் கவனம் தேவை. படுத்து மடக்கும் மெஷினில் தொடங்கி, பிறகு முட்டிபோட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெதுவாக முன்னால் இறக்கும் நார்டிக் பயிற்சிக்குப் போகலாம். எடுத்த இடத்தில் சுரீரென்று இழுத்தால் அன்று நிறுத்திவிடுங்கள்.

சாப்பாட்டில் உங்கள் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் புரதம் கணக்கு. 70 கிலோ என்றால் சுமார் 110 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால் இதைத் திட்டமிட்டே சாப்பிட வேண்டும். எடைப்பிரிவுக்காகப் பட்டினி கிடந்து எடை குறைப்பதை இந்த வருடம் அடியோடு விட்டுவிடுங்கள், கரைவது தசைதான்.

பலம் வந்ததா என்பதை எண்ணால் பார்க்க வேண்டும். லெக் எக்ஸ்டென்ஷனில் வலது கால் 40 கிலோ தூக்கினால் இடது கால் குறைந்தது 36 தூக்க வேண்டும், அதாவது 90 சதவீதம். ஒற்றைக்காலில் நீளத் தாண்டி அதே காலில் ஊன்றி நிற்பதிலும் இதே கணக்கு: வலது 180 செ.மீ. என்றால் இடது 162. இதில் ஒரு பொறி உண்டு. மாதக்கணக்கில் ஓய்ந்திருந்ததில் வலது காலும் தளர்ந்திருக்கும். தளர்ந்த காலோடு ஒப்பிட்டு 90 எடுப்பதில் பெருமை இல்லை, இரண்டையும் ஏற்றுங்கள். இன்னொன்று, மூட்டு பலவீனமாக இருந்தாலும் இடுப்பாலும் கணுக்காலாலும் தூரத்தைச் சரிக்கட்டித் தாண்டிவிட முடியும். அதனால் தூரத்தைவிட இறங்கும் விதம் முக்கியம். முன்னாலிருந்து செல்போனில் வீடியோ எடுங்கள். ஊன்றும்போது முட்டி கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே விழுந்தாலோ, உடல் ஒரு பக்கம் சாய்ந்தாலோ அது தோல்விதான்.

இதெல்லாம் சரியாக வரும்போது கபடிக்குள் நுழையலாம். வரிசை முக்கியம். முதலில் ஆளில்லாத களத்தில் ரைடு நடை மட்டும்: முன்னே, பின்னே, பக்கவாட்டில். திரும்பும் கோணத்தை 45 டிகிரியிலிருந்து 90, பிறகு முழுத் திருப்பம் என்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூட்டுங்கள். இதைச் சமமான மண் களத்தில் தொடங்குவது நல்லது. கபடி மேட் விரிப்பில் ஷூ இறுகப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது பாதம் கூடவே திரும்பாது. ஒரே பாதத்தில் சுழன்று திரும்பும் பழக்கத்தை விட்டுவிட்டு, சின்னச் சின்னதாக மூன்று அடி வைத்துத் திரும்பப் பழகுங்கள்.

அடுத்து, தடுப்பாட்டக்காரர்கள் நிற்பார்கள், நகர்வார்கள், ஆனால் தொட மாட்டார்கள். பிறகு கைத் தொடல், போனஸ், கால் தொடல். கால் தொடலில் வலது காலை நீட்டும்போது முழு எடையும் இடது மூட்டில் இறங்கும், அதை மெதுவாகக் கூட்டுங்கள். டுப்கியை (தடுப்பவர்களின் கைகளுக்கு அடியில் குனிந்து நழுவுவதை) கடைசிக்கு வையுங்கள். உங்களுக்கு மெனிஸ்கஸ் தையல் இருக்கிறது. எடையோடு ஆழமாக மடங்கும்போது அந்தத் தையல் விழுந்த இடம்தான் நசுங்கும். ஆழ மடக்கலாமா என்பதை அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடிபடுவதையும் பயிற்சி செய்ய வேண்டும். முதலில் இடுப்புப் பிடி, நின்ற நிலையில், பாதி வேகத்தில். பிறகு தொடைப் பிடி. கடைசியாகத்தான் கணுக்கால் பிடி. கணுக்கால் பூட்டப்பட்டதும் திரும்பி இழுக்காமல், பிடித்தவரின் பக்கமாகவே உடலைச் சாய்த்து விழுந்து கையை நீட்டுவது உங்களுக்கு அனிச்சையாக வர வேண்டும். கோட்டைத் தொட முடியாவிட்டால் அந்த ஒரு புள்ளி போகட்டும்.

ஒவ்வொரு படிக்கும் மறுநாள் காலை வீக்கச் சோதனை செய்யுங்கள். நீர் கூடியிருந்தாலோ, வலி பத்துக்கு இரண்டைத் தாண்டினாலோ முந்தைய படிக்குத் திரும்பி ஒரு வாரம் இருங்கள்.

நீ கேப் மூட்டைக் கதகதப்பாக வைக்கும், ஒரு தெம்பு தரும். முறுக்கலைத் தடுக்காது. வலி ஊசி அதைவிட மோசம், மூட்டு தருகிற எச்சரிக்கையை அது அணைத்துவிடும். வியர்த்து நீரிழந்த உடம்பில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். உள்ளூரில் சிலர் மூட்டுக்குள் ஸ்டீராய்டு போட்டு விளையாட அனுப்புகிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சித்திரையில் தேறினாலும் முதல் போட்டியில் முழு ஆட்டம் வேண்டாம். ஊர்ப் போட்டிகளில் விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய ஒரே அணி நான்கைந்து ஆட்டம் ஆடும். கால் களைத்த பிறகுதான் இறங்கும் விதம் கெடும். முதல் போட்டியில் ஒரே ஆட்டம், அதுவும் ஒரு பாதி மட்டும் என்று கேப்டனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாற்று ஆட்டக்காரர்கள் இருப்பது அதற்குத்தான். ரைடுக்குப் போகும்போது காலைப் பற்றிய பயம் மனதில் ஓடினால், அன்று பெஞ்சில் உட்காருங்கள். பயந்தபடி ஆடுபவர் அரைமனதாகக் கால் வைப்பார், அதில் அடிபடும்.

மூட்டு திடீரென்று நழுவினாலோ, மடக்கிய கால் பூட்டிக்கொண்டு நீளாமல் போனாலோ, அடிபட்ட சில மணி நேரத்தில் வீங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இந்த வாரமே ஒரு முறை போய்வருவதும் நல்லது. டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, வீட்டில் எடுத்த அளவுகள், தாண்டி இறங்கும் வீடியோ எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதமும் கேட்டு வாங்குங்கள்.