சென்னையின் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மெயின் ரோடு ஆறு வழி, உள்ளே திரும்பினால் முட்டுச்சந்து. ஏன் இப்படி?

ரோட்டுக்குத் திட்டம் இருந்தது, ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற நிலத்துக்கு இல்லை, அவ்வளவுதான்.

2000-இல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் வந்தது, அப்புறம் சாலையை அகலப்படுத்தினார்கள். ஆனால் பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம் எல்லாம் அதுவரை வயலும் ஏரியுமாக இருந்த ஊர்கள். யார் கையில் எந்த சர்வே எண் கிடைத்ததோ அவர் அதற்கு மதில் எழுப்பி, மெயின் ரோட்டைப் பார்த்து ஒரு கேட் வைத்துக்கொண்டார். பக்கத்து மனைக்குப் போகக்கூட மெயின் ரோட்டுக்கு வந்து, யூ டர்ன் போட்டுத்தான் போகவேண்டும் என்றால் நெரிசல் வராமல் என்ன செய்யும்? கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், நடுவில் குறுகலான ஒரு பட்டை நிலம். கால்வாயைத் தாண்டி இசிஆருக்கு (கிழக்குக் கடற்கரைச் சாலை) போக வழியும் குறைவு.

அகமதாபாத்தில் சர்தார் படேல் ரிங் ரோடு போட்டபோது வேறு மாதிரி செய்தார்கள். நில உரிமையாளர்களின் மனைகளை ஒன்றாகச் சேர்த்து, தெரு, பூங்கா, பொது இடத்துக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைச் சீரான மனைகளாக அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். நிலம் சுருங்கும், மதிப்பு ஏறும். நம் ஊரில் இனிமேல் இதைச் செய்வது கஷ்டம், அடுக்குமாடி எழுந்த இடத்தில் எதைச் சேர்த்து எதைப் பிரிப்பது? ஓஎம்ஆரில் தெற்கே கேளம்பாக்கம் தாண்டி இன்னும் காலியாகக் கிடக்கும் இடங்களில் வேண்டுமானால் செய்யலாம், அதுவும் மனை பிரித்து விற்கும் லேஅவுட்காரர்கள் முந்துவதற்குள்.