ஈரநில அறிக்கைக்குப் பதில் வரவில்லையா?

முதல் பக்கத்தை மட்டும் மாற்றுங்கள். மீதி 39 பக்கங்களும் பின்னிணைப்பாக இருக்கட்டும். 40 பக்கப் பறவைக் கணக்கெடுப்பு அறிக்கை கொடுத்தும் அதிகாரியிடமிருந்து பதிலே இல்லை என்கிறீர்கள். அந்த அறிக்கை உங்கள் ஆய்வுக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, அவர் எடுக்க வேண்டிய முடிவுக்கு அல்ல. பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்.

"பி மதிப்பு 0.05-க்குக் கீழ்" என்ற புள்ளியியல் அளவை வைத்து அவர் என்ன செய்வார்? "கூடு கட்டும் மாதங்களில் மதகைத் திறக்க வேண்டாம், நீர் இறங்கினால் நரி நடந்தே கூட்டுக்குப் போய்விடும்" என்று எழுதுங்கள். எந்த மாதம், எவ்வளவு நீர்மட்டம் என்பதும் அங்கேயே வேண்டும்.

துறை சாராத ஒருவரிடம் அந்தப் பக்கத்தை 2 நிமிடம் கொடுத்து வாங்கிக்கொண்டு, "என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேளுங்கள். தடுமாறினால் திருத்துங்கள்.

சுருக்குகிறேன் என்று ஐயப்பாட்டை வெட்டிவிடாதீர்கள். ஒரே ஆண்டுத் தரவு என்றால் அதையும் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்.